நாலாவது நிலா

எட்டாம் வகுப்பில் அறிவியல் சார் கலிலியோ கதையை மேசையைத் தட்டித்தான் முடித்தார்: "ஆனாலும் அது சுத்துதுடா!" மண்டியிட்டு எழுந்த கிழவர், தரையைக் காலால் தட்டி அப்படி முணுமுணுத்தாராம். வகுப்பே கைதட்டியது. ரொம்ப வருஷம் கழித்துத்தான், விசாரணைப் பதிவுகளில் அப்படியொரு வரியே இல்லை என்று படித்தேன். மண்டியிட்டார், மறுத்தார், அவ்வளவுதான்.

எனக்கு அது வெறும் தகவலாக இல்லை. காரணம், அப்பா.

நான் பத்தாவது படிக்கையில் அவர் ஒரு கூட்டுறவு சங்கத்தில் எழுத்தர். இருப்புப் புத்தகத்தில் இருந்த மூட்டைகள் குடோனில் இல்லை என்று மேலே எழுதிப் போட்டார். இரண்டு மாதம் சம்பளம் நின்றது. பிறகு ஒருநாள், தவறாகப் புகார் கொடுத்துவிட்டேன், வருந்துகிறேன் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார்.

"பொய்னு தெரிஞ்சும் ஏன்பா எழுதிக் கொடுத்தீங்க?"

சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். பதில் சொல்லவில்லை. அதன்பின் சில வருஷம் நான் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

1610 ஜனவரி 7 இரவு, பாதுவாவில் கலிலியோ தன் தொலைநோக்கியில் வியாழனுக்குப் பக்கத்தில் மூன்று புள்ளிகளைப் பார்த்தார். அடுத்தடுத்த இரவுகளில் அவை இடம் மாறின. 13ஆம் தேதி நான்காவதும் தெரிந்தது. பூமியைச் சுற்றாதவையும் வானத்தில் உண்டு! ஆண்டின் இறுதியில் வெள்ளி, நிலவைப் போலத் தேய்ந்து வளர்வதையும் கண்டார். எல்லாவற்றிலும் அவர் சரியில்லை. பூமியின் அசைவுக்குச் சான்றாகக் கடல் ஓதத்தைச் சொன்னது தப்பு. ஆனால் 1616இல் அவரை எச்சரித்தவர்களும் 1633இல் தண்டித்தவர்களும் ஓதத்தைத் திருத்த வரவில்லை. வேதத்துக்கு எதிரானது என்றார்கள்.

அந்த ஜூன் 22 அன்று அவருக்கு 69 வயது. ஆயுள் முழுக்கக் காவல். மூன்று வருஷம் வாரம் ஒருமுறை ஏழு சங்கீதங்கள் ஓத வேண்டும். அதைத் தன் பொறுப்பில் ஏற்க முன்வந்தவர், கன்னிகாஸ்திரீயான மகள் மரியா செலஸ்தே. ஏன் மண்டியிட்டீர்கள் என்று அவர் அப்பாவைக் கேட்கவில்லை. பாரத்தில் பாதியை வாங்கிக்கொண்டார். 1634இல், 33 வயதில் இறந்துபோனார். கலிலியோ பார்வையும் இழந்தார். ஆனால் வீட்டுக்காவலில் எழுதிய இயக்கவியல் நூல் 1638இல் ஹாலந்தின் லெய்டனில் அச்சாகி வந்தது.

இதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

அப்பா ரிட்டையரான பிறகு பரணைச் சுத்தம் செய்தபோது ஒரு நீளநோட்டு கிடைத்தது. மன்னிப்புக் கடிதம் கொடுத்த தேதிக்குப் பிறகும், நாள்தோறும் இரண்டு பத்திகள்: புத்தகத்தில் இத்தனை மூட்டை, குடோனில் இத்தனை. யாருக்கும் காட்டாத கணக்கு. நோட்டை நீட்டினேன். "சும்மா, ஒரு பழக்கம்" என்றார். அன்று நான் கேட்க வேண்டிய மன்னிப்பை இன்னும் கேட்கவில்லை.

போன மாதம் ஒரு பைனாகுலர் வாங்கினேன். மொட்டைமாடித் தொட்டிச் சுவரில் முழங்கையை ஊன்றி வியாழனைப் பிடித்து, அப்பாவிடம் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்தார்.

"மூணுதான்டா தெரியுது."

"நாலாவது பின்னாடி மறைஞ்சிருக்கும்பா."

"அப்ப நாளைக்கும் வந்து எண்ணணும்" என்றார்.