மரிக்காரும் உபாலியும் நம்மட கடனும்

கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

புறக்கோட்டை குறுக்குத் தெருவில் ஒரு மணித்தியாலம் நின்று பாருங்கள். கடை முதலாளி ஒரு தமிழ் கதைப்பார். நாட்டாமி வேறொரு தமிழ். யாழ்ப்பாணத்திலிருந்து சரக்கெடுக்க வந்தவர் இன்னொன்று. பக்கத்துக் கடைச் சிங்கள நானா தனக்குத் தெரிந்த தமிழில் விலை பேசுவார். எல்லாருக்கும் எல்லாரையும் விளங்கும். யாவாரமும் நடக்கும்.

இந்தச் சத்தத்தை அப்படியே வானொலிக்குக் கொண்டுபோனவர்கள் நாலு பேர். 1970களில் இலங்கை வானொலியில் வந்த 'கோமாளிகளின் கும்மாளம்' நம்மட வாப்பாமாருக்கு நல்லா ஞாபகம் இருக்கும். எழுதியவர் எஸ். ராமதாஸ். 1976இல் அது 'கோமாளிகள்' என்று படமாகவும் வந்தது.

எனக்குப் பிடித்தது அதில் யார் யாராக நடித்தார்கள் என்பதுதான். நம்மட பேச்சில் 'மரிக்கார்' ஆக வந்தவர் ராமதாஸ். அவர் முஸ்லிம் இல்லை. ஐயராக வந்தவர் பி.எச். அப்துல் ஹமீத். அரைகுறைத் தமிழ் பேசும் சிங்களவர் 'உபாலி' ஆக வந்தவர் எஸ். செல்வசேகரன் என்ற தமிழர். யாழ்ப்பாணத்து 'அப்புக்குட்டி' ரி. ராஜகோபால். பிறகு சாகும் வரைக்கும் ராமதாஸ் 'மரிக்கார் ராமதாஸ்' தான். செல்வசேகரன் 'உபாலி செல்வசேகரன்' தான். இன்னொரு சமூகத்தின் பெயரைத் தன் பெயருக்கு முன்னால் சுமந்துகொண்டு திரிந்த மனிதர்கள்.

"நம்மட பேச்சைப் பகிடி பண்ணினது சரியா?" என்று கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். நியாயமான கேள்வி. "ஈக்கிது", "பெய்த்து" என்று வகுப்பில் ஒரு பிள்ளை சொன்னவுடன் மற்றப் பிள்ளைகள் சிரிப்பதை நானும் பார்க்கிறேன். அந்தப் பிள்ளை பிறகு வாயே திறக்காது. அந்தச் சிரிப்பு வேறு. இந்த நாலு பேரின் பகிடியில் மரிக்கார் மட்டும் மாட்டவில்லை. ஐயரும் மாட்டினார், அப்புக்குட்டியும் மாட்டினார், உபாலியும் மாட்டினார். ஒருவனை மட்டும் நடுவில் நிறுத்திச் சிரித்தால் அது அவமானம். எல்லாரும் மாறி மாறி மாட்டினால் அது கூட்டாளித்தனம். பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுப்பதும் இதைத்தான்.

அந்தக் காலம் ஏன் அப்படி ஓடியது? 1970க்கும் 1977க்கும் இடையில் இறக்குமதிக் கட்டுப்பாடு. இந்தியப் படங்களும் சஞ்சிகைகளும் வருவது குறைந்தது. உள்ளூர்க் கலைஞனைச் சனம் திரும்பிப் பார்த்தது. 1977க்குப் பிறகு கதவு திறந்தது. 1979இல் தொலைக்காட்சி, 1982இல் ரூபவாஹினி, கூடவே வீடியோ கெசட். அதற்குப் பிறகு 1983 ஜூலை. ஹெந்தளை விஜயா ஸ்டூடியோ தீக்கிரையானது. சிரிக்க வைத்தவர்களும் சிரித்தவர்களும் நாலா பக்கம் சிதறினார்கள்.

ஆனால் அவர்கள் விடவில்லை. செல்வசேகரன் 2012இல் மௌத்தாகும் வரை கலைஞனாகவே இருந்தார். ராமதாஸ் 2016இல் சென்னையில் காலமானார். 'அண்ணை றைற்' என்று தனியாளாக மேடையில் நின்று ஒரு பஸ் கொண்டக்டரையும் முழு பஸ்ஸையும் காட்டிய கே.எஸ். பாலச்சந்திரன் கனடாவுக்குப் போயும் மேடையை விடவில்லை. 2014இல் அங்கேயே மறைந்தார். இன்று ஸ்டேண்ட்-அப் என்று பிள்ளைகள் போனில் பார்ப்பதை அவர் யாழ்ப்பாணத் தமிழில் எப்போதோ செய்துவிட்டார்.

இனி இன்றைய கதை. கொழும்பில் இன்னும் மூத்த நகைச்சுவைக் கலைஞர்கள் சிலர் இருக்கிறார்கள். விழா என்றால் நமக்கு அவர்கள் ஞாபகம் வரும். கொஞ்ச காலத்துக்கு முன் ஒரு விழாவுக்குப் போயிருந்தேன். எழுபது வயதைத் தாண்டிய ஒருவர் இரண்டரை மணித்தியாலம் கதிரையில் காத்திருந்தார். பேச்சாளர்கள் எல்லாம் பேசி முடிந்த பிறகு "பத்து நிமிஷத்துல முடிச்சிருங்க" என்றார்கள். அவர் ஏழு நிமிஷத்தில் மண்டபத்தையே குலுக்கிவிட்டார். ஒரு பொன்னாடை போர்த்தினார்கள், படம் எடுத்தார்கள். மழைக்குள் அவர் பஸ்ஸுக்கு நடந்து போனார். ஒலிபெருக்கிக்காரருக்குக் காசு கொடுத்தோம், பந்தல்காரருக்குக் கொடுத்தோம், சாப்பாட்டுக்காரருக்கு முற்பணமே கொடுத்தோம். சிரிக்க வைத்தவருக்கு மட்டும் "சேவை" என்று பெயர் வைத்துவிட்டோம்.

கூலியாளுக்கு வியர்வை காயுமுன் கூலி கொடுக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. மேடையில் வருவதும் வியர்வைதான்.

ஆகவே என்னுடைய வேண்டுகோள் இரண்டு. பள்ளிக்கூட விழாவோ, சங்க விழாவோ, கலைஞரை அழைத்தால் தொகையை முன்கூட்டியே பேசி, கையில் கொடுத்து, வீடு வரை வாகனமும் ஒழுங்கு செய்யுங்கள். மற்றது, யாருடைய வீட்டு அலுமாரியிலாவது அந்தக் காலத்து நகைச்சுவைக் கெசட் கிடந்தால் வீசிவிடாதீர்கள், எனக்குச் சொல்லுங்கள். வகுப்பில் போட்டுக் காட்டப் போகிறேன். "ஈக்கிது" என்ற சொல்லைக் கேட்டுச் சிரிக்கிற பிள்ளைகள், அந்தச் சொல்லைச் சொன்ன மரிக்கார் யார் என்பதையும் தெரிந்துகொள்ளட்டும்.