செவி நரம்பும் செந்தமிழும்

விழா மலருக்குத் தமிழாசிரியர் ஒருவர் கட்டுரை வரைகின்றார் எனின், குறுந்தொகையிலோ கந்தபுராணத்திலோ ஒரு பகுதியை எடுத்து விளக்குவார் என்றே கல்லூரி அன்பர்கள் எதிர்பார்ப்பர். யாம் இம்முறை அவ்வழிச் செல்லவில்லை. பதுளையை அடுத்த தோட்டப் பாடசாலையொன்றில் எம்மிடம் தமிழ் பயிலும் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தியின் காதருகே பொருந்தியிருக்கும் சிறு கருவியே சில காலமாக எமது சிந்தையை ஈர்த்து வருகின்றது.

அவள் செவிப்புலனின்றிப் பிறந்தவள். உட்செவியில் இரண்டரைச் சுற்றாகச் சுருண்டு கிடக்கும் நத்தைச் சுருளில் ஏறத்தாழ 15,000 நுண்மயிர்க் கலங்கள் உள. ஒலியதிர்வை நரம்பு உணரும் வகையில் மாற்றித் தருவன அவையே. அவை முற்றும் பழுதுபட்டவிடத்து ஒலியை எத்துணைப் பெருக்கினும் பயனில்லை. எனினும் செவி நரம்பு பெரும்பாலும் உயிருடன் இருக்கின்றது. ஆதலின் அந்நரம்பையே மின்சாரத்தால் நேரே தூண்டினால் என்னவென்று அறிஞர் எண்ணினர். பாரிசில் ஜூர்னோ, ஐரியே என்னும் இருவர் 1957ஆம் ஆண்டில் இதனைச் செய்து பார்த்தனர். அமெரிக்காவில் வில்லியம் ஹவுஸ் 1961இல் முயன்றார். பல மின்வாய்கள் கொண்ட கருவியை மெல்பேண் நகரில் கிரேயம் கிளார்க் 1978இல் ஒருவருக்குப் பொருத்தினார். கிளார்க்கின் தந்தையாரும் செவிப்புலன் குன்றியவரே.

நரம்பைத் தூண்டுதல் அரிதன்று. தூண்டும் பொருளை உடலுக்குள் ஆயுட்காலம் வரை பழுதின்றி வைத்திருத்தலே அரிது. உடல் உப்பு நீர் நிறைந்த இடம். அதனுள் நுண்ணிய மின்சுற்றை வைப்பது கடலுக்குள் வானொலிப் பெட்டியை வைப்பதை ஒக்கும். அதனால் அச்சுற்றைத் தைத்தேனிய உலோகக் கூட்டில் நீர் புகாவண்ணம் மூடுகின்றனர். ஆனால் கூட்டிலிருந்து 22 மின்வாய்களுக்குக் கம்பிகள் வெளிவர வேண்டுமே! ஒவ்வொரு கம்பியும் நீருக்குத் திறந்த ஒரு கதவாகலாம். அக்கதவுகளை அடைப்பதில் பொறியியலாளர் பட்ட பாடு பெரிது. மின்சாரத்தை ஒரே திசையில் செலுத்தினாலோ நீர் பிரிகையுற்று, மின்வாயின் பிளாற்றினமும் அரிபட்டு, இழையம் புண்படும். எனவே ஒரு கணத்தாக்கு முன்னே சென்றால், அதற்குச் சமமான மற்றொன்று உடனே எதிர்த்திசையில் செல்லுமாறு அமைத்தனர். உள்ளே பற்றரி வைத்தால் அது தீருந்தோறும் தலையைக் கீற வேண்டும்; ஆகையால் வலுவும் செய்தியும் தோலுக்கு வெளியே உள்ள சுருளிலிருந்து வானொலி அலையாக உட்செல்கின்றன. அச்சுருளைத் தலையோடு பற்றி நிற்பது காந்தம். காந்தம் வலிதாயின் தோல் புண்ணாகும். மெலிதாயின் பிள்ளை ஓடி விளையாடுகையில் கழன்று விழும்.

மின்வாய்க் கோவையைச் சுருளுக்குள் செலுத்திய கதை எமக்கு மிகவும் உவப்பானது. நேரான கம்பி சுருண்ட வழியில் முட்டி நிற்கும். வலிந்து தள்ளினால் மெல்லிய சவ்வைக் கிழிக்கும். 1977இல் கிளார்க் கடற்கரையில் ஓய்ந்திருந்தபோது கரையிற் கிடந்த சங்கொன்றினுள் புல்லிதழ் ஒன்றைச் செலுத்திப் பார்த்தார். நுனி மென்மையாயும் அடி சற்று விறைப்பாயும் இருந்த புல் சுருள்வழியே இனிது சென்றது. மின்வாய்க் கோவையும் அவ்வாறே அமைந்தது.

இனி, தமிழாசிரியனாகிய எமக்கு உரிய பகுதிக்கு வருவோம். மின்வாய்கள் 22 எனினும், நத்தைச் சுருளுள் இருக்கும் நீர்மம் மின்னைக் கடத்துவதால் ஒன்றின் தூண்டல் அயலதன் எல்லையிலும் பரவும். ஆதலின் ஒலியின் கால அளவு செவ்வனே செல்லும். நுட்பமான நிறவேறுபாடு மங்கிச் செல்லும். யாம் கொப்பியால் வாயை மறைத்துக்கொண்டு ‘பட்டு’ என்றும் ‘பாட்டு’ என்றும் சொல்லிப் பார்த்தோம். சிறுமி ஒரு முறையேனும் பிழைபடவில்லை. கண்ணிமைப்பையும் கைந்நொடியையும் கொண்டு மாத்திரையை அளந்த தொல்காப்பியனார் மகிழ்ந்திருப்பார்! ‘வலி’, ‘வளி’, ‘வழி’ என்றபோதோ அவள் மயங்கினாள். நாவின் வளைவால் எழும் அவ்வேறுபாடு, அயல் மின்வாய்களின் கலப்பில் கரைந்துபோதல் வியப்பன்று. மெல்பேணில் இக்கருவி முதற்கண் ஆங்கிலம் பேசுவோரிடத்தே பரீட்சிக்கப்பட்டது. லகர ளகர ழகரங்கள் அங்கே எவர் கவலையும் அல்ல. செவி நன்கு கேட்போரிலும் ழகரத்தைத் துறந்தோர் மிகப் பலராதலின், பழி முழுவதையும் கருவியின்மேல் ஏற்றுதல் நீதியன்று என்பதையும் கூறிவைக்கிறோம்.

தோட்டத்துக் கோயில் திருவிழாவில் ஒலிபெருக்கியில் வரும் பக்திப் பாடல் அவளுக்குச் சுவைப்பதில்லை. இசையின் ஏற்ற இறக்கம் அவளை அடைவது மிகக் குறைவு. காமன் கூத்திற்குத் தப்பு முழங்கத் தொடங்கினாலோ அவள் கால்கள் நில்லா. அடியும் இடைவெளியும் காலத்தின் பாற்பட்டவை. அவை குறைவின்றி உட்செல்கின்றன.

கொழுந்து பறிக்கும் தாய்க்குப் பிறந்த இப்பிள்ளைக்கு மூன்றாம் வயதில், நல்லோர் சிலர் திரட்டிய பணத்தால் கொழும்பிலே சத்திரசிகிச்சை நடந்தது. மூளை மொழியை எளிதில் ஏற்கும் பருவம் கடந்துவிட்டால் பயன் குன்றுமாதலின் காலந்தாழ்த்தலாகாது. தமிழ்நாட்டில் அரசின் காப்பீட்டுத் திட்டம் 6 வயதிற்குட்பட்ட வறிய குழந்தைகளுக்குச் சத்திரசிகிச்சையோடு பேச்சுப் பயிற்சியையும் சேர்த்து அளிப்பதை யாம் பெரிதும் மதிக்கிறோம். கருவியைப் பொருத்திவிட்டுப் பயிற்சியை மறத்தல், ஏடும் எழுத்தாணியும் கொடுத்துவிட்டு ஆசிரியரை அனுப்பாதிருத்தல் போலாகும். தமிழிலே அப்பயிற்சியை அளிக்க வல்லார் ஊவா மலைகளில் அரியர். ஒவ்வொரு முறையும் தாய் ஒரு நாட் சம்பளத்தை இழந்து பிள்ளையோடு தொலைதூரம் செல்கின்றாள்.

உள்ளிருக்கும் தைத்தேனியக் கூடு உடலின் உப்பு நீரை வெல்கின்றது. வெளியிருக்கும் பாதியோ எங்கள் பனிமூட்டத்திற்குத் தோற்கின்றது. ஐப்பசி தொடங்கித் தை வரை லயக் காம்பிராவில் உலராத துணி, உலராத விறகு, உலராத சுவர். தாய் இரவுதோறும் கருவியை ஈரமுறிஞ்சும் மணிகள் இட்ட தகரப் பேணியில் வைத்து மூடுகின்றாள். நீலமணிகள் இளஞ்சிவப்பானால் அடுப்பருகே உலர்த்துகின்றாள். அத்துணைப் பேணியும் சென்ற மார்கழி மழையில் அது ஓய்ந்தது. புதிய உறுப்பு வந்து சேர ஏழு வாரம் சென்றது. அந்த ஏழு வாரமும் சிறுமி எம் உதடுகளையே நோக்கியிருந்தாள். பின்னர் வகுப்பில் வாய் திறப்பதையே குறைத்துக்கொண்டாள். வேற்றுமை உருபுகள் ஒவ்வொன்றாக அவள் பேச்சினின்றும் உதிர்ந்தன. எமது பழைய மாணவருள் பொறியியலாளர் பலர் உளர். மலைநாட்டு ஈரத்தைத் தாங்கும் உறையொன்றையும், கொழும்பு செல்லாமலே மாற்றத்தக்க உறுப்புகளையும் பற்றி அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம்.

கருவி தை மாதத்தில் மீண்டும் பேசத் தொடங்கியது. அவளை முன்வரிசையில், வீதிப்பக்கத்து யன்னலுக்கு எட்டத்தில் அமர்த்தியுள்ளோம். ழகரத்திற்கு நா வளையும் முறையைக் கரும்பலகையில் படமாக வரைந்து காட்டுகிறோம். செவி தராததைக் கண் கொண்டு கற்கின்றாள். பத்து முறை சொன்னால் ஆறு முறை ‘வாழை’ திருத்தமாக வருகின்றது.