நோன்பும் நீலநிற இன்ஹேலரும்

 

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ரமலான் மாதம். அடுப்பில் நோன்புக் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. அஸர் தொழுதுவிட்டு விரிப்பிலேயே அமர்ந்திருந்த என் உம்மாவுக்கு மூச்சுத்திணறல் கண்டது. இளமை முதலே அவர்களுக்கு ஆஸ்துமா உண்டு. நீலநிற இன்ஹேலரை எடுத்து நீட்டினேன். "வேண்டாம், நோன்பு முறிந்துவிடும். பாங்குக்கு இன்னும் ஒரு மணி நேரம்தானே" என்று கையால் தடுத்தார்கள். சொல்லுக்குச் சொல் மூச்சு வாங்கியது; நெஞ்சில் விசிலடிப்பது போன்ற ஓசை. வற்புறுத்திய பின்னரே இரண்டு முறை இழுத்தார்கள்.

ஐந்து நிமிடங்களில் மூச்சு சீரடைந்தது. ஆனால் விரல்கள் நடுங்கின, நெஞ்சு படபடத்தது. "நோன்பை விட்டதற்கு அல்லாஹ்வின் தண்டனையோ?" என்று உம்மா கண்கலங்கினார்கள். என்னிடம் பதில் இல்லை.

மறுநாள் மருத்துவர் விளக்கினார். சிறுநீரகங்களின் மேல் அமைந்துள்ள சிறு சுரப்பிகள், ஆபத்து வேளையில் அட்ரினலினைக் குருதியில் கலக்கின்றன. அதனை ஏற்றுச் செயற்படும் ஏற்பிகள் உடலெங்கும் உள்ளன. ஆல்பா வகை ஏற்பிகள் குருதிக்குழாய்களைச் சுருக்கும். பீட்டா-1 இதயத்துடிப்பை விரைவுபடுத்தும். பீட்டா-2 மூச்சுக்குழாய்த் தசைகளைத் தளர்த்தும். இன்ஹேலரில் உள்ள சால்பியூட்டமால் பெரும்பாலும் பீட்டா-2 ஏற்பிகளையே தூண்டுகிறது. ஒருமுறை இழுத்தால் 100 மைக்ரோகிராம் மருந்து. அதன் பயன் 4 முதல் 6 மணி நேரம். அதே ஏற்பிகள் கைத்தசைகளிலும் இருப்பதால் விரல் நடுங்குகிறது. இதயத்தையும் ஓரளவு தூண்டுவதால் படபடக்கிறது. மூச்சைத் திறந்த மருந்துதான் விரலையும் அசைத்திருக்கிறது!

பின்னர் அவர், "வாரத்தில் எத்தனை நாள் இதனை எடுக்கிறீர்கள்?" என்று கேட்டார். ஏறக்குறைய நாள்தோறும் என்றதும் அவர் முகம் மாறியது. இம்மருந்து குழாயைத் திறக்குமேயன்றி உள்ளிருக்கும் அழற்சியை ஆற்றாது. அடிக்கடி தேவைப்படுவது நோய் கட்டுக்குள் இல்லை என்பதன் அடையாளம் என்றார். அழற்சியைத் தணிக்கும் வேறோர் இன்ஹேலரை எழுதி, ஸஹரிலும் இஃப்தாருக்குப் பின்னும் எடுக்கச் சொன்னார்.

எங்கள் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடமும் கேட்டோம். இன்ஹேலரால் நோன்பு முறியுமா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. உயிருக்கு ஆபத்து எனில் மருந்தைத் தள்ளிப்போடக் கூடாது என்பதில் ஐயமே இல்லை என்றார். நோயாளி வேறு நாள்களில் நோன்பை நிறைவு செய்யலாம் என்ற சலுகையைத் திருக்குர்ஆனின் அல்பகரா அத்தியாயம் 185ஆம் வசனம் அளித்திருப்பதையும் நினைவூட்டினார். உம்மா அந்த ஒரு நோன்பை ஷவ்வாலில் களாச் செய்தார்கள்.

உங்கள் இல்லத்திலும் ஆஸ்துமா உள்ளவர் இருந்தால், ரமலான் பிறக்குமுன் மருத்துவரையும் மார்க்க அறிஞரையும் அணுகிக் கேட்டுக்கொள்ளுங்கள். மூச்சு முட்டும் வேளையில் விவாதிக்க நேரம் இராது. சுவாசமும் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதமே. நோயுற்றோர் அனைவருக்கும் அவன் ஷிஃபா அளிப்பானாக! ஆமீன்.