ஹேண்டிலுக்குள் ஒயர்

மோட்டார் சைக்கிள் ஹேண்டில் குழாயின் வெளிவிட்டம் பெரும்பாலும் 22 மில்லிமீட்டர். சுவர் 2 மில்லிமீட்டர் தடிப்பு என்றால், உள்ளே மிஞ்சுவது 18. சிக்னல், ஹாரன், விளக்கு எல்லாவற்றின் ஒயரையும் அதற்குள் ஒளிக்கச் சொல்கிறான் என் தம்பி.

ஏன் ஒளிக்கணும்? ஜாசின் பசார் மாலாமில் மோட்டார் நிறுத்தும் இடத்தைப் பாருங்கள், புரியும். ஹோண்டா இஎக்ஸ்5 கடையிலிருந்து வரும்போது ஹேண்டிலுக்கு மேல் ஒரு பிளாஸ்டிக் கூடு இருக்கும். மீட்டர், முன்விளக்கு, ஒயர் எல்லாம் அதற்குள். 1958இல் வந்த சூப்பர் கப் குடும்பத்தின் வழக்கம் அது. நம் பையன்கள் அந்தக் கூட்டைக் கழற்றி வெறும் குழாயை மாட்டுவார்கள். பெயர் ‘நேக்கட் ஹேண்டில்’. கூடு போனதும் ஒயர்களுக்கு வீடில்லை.

எங்கள் வண்டி அப்பாவுடையது. ஆசாஹான் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டப் போகும்போது ஓட்டியது. பாதையில் சாய்ந்து கிடக்கும் மட்டையின் முள் எதையும் இழுத்துவிடும். அந்தக் கூடு அவருக்கு அழகுப் பொருளில்லை, கவசம்.

தம்பி அதைக் கழற்றி, டவுனில் ஒரு பட்டறையில் நேக்கட் ஹேண்டில் போட்டான். துளை போட்டவர் விளிம்பைத் தேய்க்கவில்லை, ரப்பர் வளையமும் வைக்கவில்லை. மூன்று மாசம் ஓடியது. ஒரு மழை விடியற்காலை, ஆயர் குரோ தொழிற்சாலைக்கு ஷிப்ட் போகிற வழியில், ஒயரின் தோல் கிழிந்து இரும்பில் பட்டு ஃபியூஸ் போனது. சிக்னல், ஹாரன், பிரேக் விளக்கு மூன்றும் ஒரே நேரத்தில் செத்தன. பின்னால் குலை ஏற்றிய லாரி. “ஹாரன் அடிச்சான்ணே, நான் புல்லுக்குள்ள இறங்கிட்டேன்” என்று சாதாரணமாகச் சொன்னான். அம்மாவுக்கு இன்னும் தெரியாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நானே பிரித்தேன். அகன்ற தகட்டில் வட்டத் துளை இருந்தால் அதன் விளிம்பில் தகைவு 3 மடங்காகும் என்று டுரியான் துங்கலில் படித்தபோது பரீட்சையில் எழுதியிருக்கிறேன். தம்பி கைவைக்கிற குழாயில் அதை அப்போதுதான் நேரில் பார்த்தேன். அலுமினியக் குழாயாக இருந்திருந்தால் துளை போடவே விட்டிருக்க மாட்டேன். புது இரும்புக் குழாய் வாங்கி, ஒயர் வெளியே வரும் துளையை இரண்டு கிளாம்புக்கும் நடுவில் போட்டேன். பாரம் அங்கே குறைவு. வலது பக்கம் திராட்டல் உறை சுழலும், அதனால் ஒயர் அதற்கு உள்பக்கமாகத்தான் நுழைய வேண்டும். பிரேக், திராட்டல் கேபிள்களை வெளியிலேயே விட்டேன். அவற்றையும் உள்ளே திணிக்க நினைப்பது பைத்தியக்காரத்தனம்.

கனெக்டர் 18 மில்லிமீட்டரில் நுழையாது. நிறங்களைப் படம் எடுத்துக்கொண்டு பின்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். ஹோண்டாவில் பச்சை எர்த், ஆரஞ்சு இடது சிக்னல், வெளிர்நீலம் வலது. தூண்டில் நரம்பின் நுனியில் பஞ்சு கட்டி, மறுமுனையில் வேக்குவம் வைத்து உறிஞ்சினால் நரம்பு வந்துவிடும். ஒயர்களுக்குப் பவுடர் பூசி, நுனிகளை முன்னும் பின்னுமாக நரம்பில் கட்டி, ஒருவர் இழுக்க ஒருவர் தள்ள வேண்டும். தம்பி தள்ளினான். மாறி மாறித் திட்டிக்கொண்டோம். கடைசியில் எஞ்சினை ஓடவிட்டு, ஹாரனை அழுத்தியபடியே ஹேண்டிலை இரண்டு பக்கமும் முட்டும்வரை திருப்பினோம். சத்தம் எங்கும் அறுந்தால் ஒயர் இழுபடுகிறது என்று அர்த்தம். அறவில்லை. பக்கத்து வீட்டு நாய்தான் குரைத்தது.

அப்பா நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். “உள்ள போயிட்டா எங்க அறுந்திச்சின்னு எப்படிடா பாப்ப? வெளிய இருந்தா பிளையரும் கருப்பு டேப்பும் போதும். தோட்டத்துக்கு நடுவுல நின்னா யார கூப்பிடுவ?” அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அதனால் எல்லா இணைப்பையும் முன்விளக்குக் கிண்ணத்துக்குள் கொண்டுவந்து முடித்தேன். இரண்டு திருகு கழற்றினால் அங்கிருந்தே சோதித்துப் பார்க்கலாம்.

அவர் சமாதானமாகவில்லை. பழைய கூடு எங்கே என்று இன்னும் கேட்கிறார். கோழிக்கூண்டின் மேல் மழைக்கு மூடியாகக் கிடக்கிறது.