இலை வரும் வரை

உணவகத்தில் அமர்ந்து இலை வரும் வரை காத்திருக்கும் கால் மணி நேரம் பெரியவர்களுக்குச் சிறிது. நான்கு வயதுப் பிள்ளைக்கோ அது ஒரு யுகம். முப்பது ஆண்டுகளாக மதரஸாவில் பிள்ளைகளுக்கு அலிஃப், பே கற்பித்து வரும் நான், இவ்வுண்மையை உணர்ந்தது அண்மையில்தான். உணர்த்தியவள் என் மகள்.

சென்ற ஆண்டு அவளையும் பேரனையும் அழைத்துக்கொண்டு திருச்சிக்குச் சென்றிருந்தேன். நண்பகல் வேளை, பேருந்து நிலையத்தை அடுத்த உணவகமொன்றில் பெரும் நெரிசல். அமர்ந்து ஐந்து நிமிடம் ஆகுமுன் பேரன் மேசைக்கடியில் புகுந்தான். உப்புக் கிண்ணத்தைக் கவிழ்த்தான். அடுத்த மேசைக்காரரின் தொப்பியைச் சுட்டிக்காட்டிச் சிரித்தான். மகள் கைப்பேசியை எடுத்து அவன்முன் நிறுத்தினாள். அவ்வளவுதான், பிள்ளை சிலையானான். பிரியாணி வந்தது. அவள் ஊட்டினாள், அவன் வாய் திறந்ததே தவிர, கண் திரும்பவில்லை. எதை உண்டோம் என்பதையே அறியாமல் உண்டு முடித்தான்.

எனக்குப் பொறுக்கவில்லை. "பிள்ளையை இப்படியா வளர்ப்பது? உன்னை நான் இப்படியா வளர்த்தேன்?" என்றேன்.

அவள் குரலை உயர்த்தவில்லை. "இல்லை அத்தா. நீங்க மேசைக்கு அடியில தொடையைக் கிள்ளி உட்கார வச்சீங்க. நான் இதைக் காட்டி உட்கார வைக்கிறேன். ரெண்டுலயும் பிள்ளை வாயை மூடிக்கிட்டுதான் இருக்கு" என்றாள்.

என் கையிலிருந்த கவளம் இலையிலேயே நின்றுவிட்டது.

அப்போது அவளுக்கு ஐந்து வயது. தஞ்சையில் ஒரு சாப்பாட்டுக் கடை. தண்ணீர்க் குவளையைத் தட்டிவிட்டாள். எதிரே இருந்தவரின் இலை நனைந்தது. நாலு பேர் முன்னிலையில் எனக்கு நேர்ந்த நாணத்தை அவள் தொடையில் தீர்த்துக்கொண்டேன். அதன்பின் அவள் அசையவே இல்லை. "ஹஜ்ரத் வீட்டுப் பிள்ளை என்ன அடக்கம்!" என்று அந்த மனிதரே பாராட்டினார். அப்பாராட்டைப் பல ஆண்டுகள் பெருமையாகச் சொல்லித் திரிந்தவன் நான். அவளோ நடந்ததை மறந்திருப்பாள் என்றெண்ணியிருந்தேன்.

அன்றிரவு உமர் இப்னு அபீஸலமா (ரலி) அவர்களின் ஹதீஸ் நினைவுக்கு வந்தது. புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ள செய்தி. எத்தனையோ முறை நான் பாடம் நடத்தியது. அண்ணல் நபி (ஸல்) அவர்களின் பராமரிப்பில் வளர்ந்த சிறுவர் அவர். உண்ணும்போது அவர் கை தட்டெங்கும் அலைந்தது. அண்ணலார் அவரை விளித்து, இறைவன் பெயர் கூறுவதையும், வலக்கையால் உண்பதையும், தம் பக்கத்திலுள்ளதை உண்பதையும் கற்பித்தார்கள். அதன்பின் அதுவே தம் வழக்கமாயிற்று என்று அவரே அறிவிக்கிறார். அந்தச் செய்தியில் நான் மூன்று ஒழுக்கங்களை மட்டுமே கண்டிருந்தேன். அலைந்த கைக்கு வலி தரப்படவில்லை, வழி தரப்பட்டது என்பதை அன்றுதான் கண்டேன்.

கைப்பேசியைப் பழிப்பது எளிது. உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதலும், இரண்டு முதல் நான்கு வயதுப் பிள்ளைகள் நாளொன்றில் ஒரு மணி நேரத்துக்கு மேல் திரையின்முன் அமர்ந்திருக்கலாகாது, குறைந்தால் இன்னும் நன்று என்றே கூறுகிறது. ஆனால், பிடுங்கிய பொருளின் இடத்தில் வைக்க நம்மிடம் ஒன்று இருக்க வேண்டுமே! ஆகவே நானே சிலவற்றைப் பழகிக்கொண்டேன்.

இப்போதெல்லாம் பசி முற்றுமுன், கூட்டம் சேருமுன் சென்றுவிடுகிறோம். சுவரோரத்து இருக்கையைத் தேர்கிறோம். கொதிக்கும் குழம்பும் தேநீரும் செல்லும் வழியில் பிள்ளை இருத்தல் ஆகாது. காலையென்றால், வெந்து தயாராக இருக்கும் இட்லி அவனுக்கு முதலில் வந்துவிடும். நம் தோசை பிறகு வரட்டும். வேண்டியதைப் பரிமாறுபவரிடம் அவனே கேட்கிறான். கை கழுவச் செல்லும்போது, பரோட்டா மாவு வீசப்படும் அழகைத் தள்ளி நின்று பார்த்து வருகிறோம். கொத்துப் பரோட்டாவின் தாளத்தை மேசைமீது விரலால் மெல்லத் தட்டிப் பார்க்கிறோம். அடுத்த மேசைக்கு வருவது இன்னதென்று வாசனையைக் கொண்டே சொல்ல வேண்டும் என்பது எங்கள் பந்தயம். பெரும்பாலும் தோற்பவன் நான்.

எல்லாவற்றினும் அவனுக்குப் பிடித்தது நீரெழுத்து. விரலை நனைத்து மேசையில் ஒரு தோணி வரைவேன். கீழே ஒரு துளி வைத்தால் பே. மேலே இரண்டு வைத்தால் தே. மூன்று வைத்தால் ஸே. துளி வைப்பது அவன் பொறுப்பு. மதரஸாவில் பிரம்பை அருகில் வைத்துக்கொண்டு நாள் கணக்கில் நான் நடத்திய பாடம், இங்கே இலை வருமுன் முடிந்துவிட்டது.

சென்ற மாதம் அவ்வாறு துளி வைக்கையில் அவன் முழங்கை பட்டுக் குவளை கவிழ்ந்தது. நீர் முழுதும் என் வேட்டியில் வழிந்தது. என் கை தானாகவே மேசைக்கடியில் சென்றது. எதிரில் மகள் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்கையாலேயே பேரனின் விரலைப் பிடித்து, "இத்தனை துளி உள்ள எழுத்து நன்னாவுக்கே தெரியாதே, ராஜா!" என்றேன். அஞ்சி நின்ற பிள்ளை சிரித்துவிட்டான். துணி கேட்டு வாங்கி, இருவருமாக மேசையைத் துடைத்தோம்.

மகள் ஒன்றும் சொல்லவில்லை. சாப்பாடு வந்ததும், தன் இலையிலிருந்த கறித்துண்டு ஒன்றை எடுத்து என் இலையில் வைத்தாள்.