ஏறும் கோடும் ஏறும் மலையும்

கோடு இழுப்பது எவருக்கும் எளிது. இழுத்த கோட்டைப் படிப்பதோ கற்றுத் தெளிய வேண்டிய கலை. பங்கு இல்லத் தாழ்வாரத்தில் மாலை வேளைகளில் படிக்க வரும் மாணவரிடையே நாம் இதனைப் பலமுறை கண்டிருக்கிறோம். பதினொன்றாம் வகுப்பில் இயற்பியலைத் தேர்ந்துகொண்ட பிள்ளைகள் தொடக்கத்திலேயே தடுமாறி நிற்கும் இடம், நிலை–நேர வரைபடம். "இந்தப் பாடம் நமக்கு வராது, சாமி, வேறு பிரிவுக்கு மாறிவிடுகிறேன்" என்று ஒரு மாணவன் நம்மிடம் சொல்லும் அளவுக்கு அது அவனை அச்சுறுத்தியது. முதல் தலைமுறையாகக் கல்லூரிக் கனவு காணும் வீட்டுப் பிள்ளை அவன்.

அவனுக்குத் தெரிந்த ஒன்றைக் கொண்டே தொடங்கினோம். தென்காசியில் புறப்படும் இரயில் செங்கோட்டை, பகவதிபுரம் கடந்து, மலையேறி ஆரியங்காவை அடைகிறது. கிடை அச்சில் நேரத்தையும், செங்குத்து அச்சில் தென்காசியிலிருந்து தண்டவாள வழியே கடந்த தொலைவையும் குறித்து அப்பயணத்தை வரையச் சொன்னோம். சமவெளிக்குக் கோட்டைப் படுக்கையாகவும், பகவதிபுரத்துக்கு அப்பால் செங்குத்தாகவும் வரைந்தான். காரணம் கேட்டோம். "அங்கேதான் மலை ஏறுதே, சாமி!" என்றான்.

அவன் வரைந்தது மலையின் ஓவியம். இயக்கத்தின் வரைபடம் அன்று. சமவெளியில் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் வண்டி, பத்து நிமிடத்தில் 10 கிலோமீட்டர் கடக்கும். மலைப்பாதையில் 30 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்தால், அதே பத்து நிமிடத்தில் கடப்பது 5 கிலோமீட்டரே. ஆகவே மலை ஏற ஏறக் கோடு சாய்வு குறைந்து படுக்கும். நிலையத்தில் வண்டி நின்றால் கோடு முற்றிலும் கிடையாகும். திரும்பி வந்தால் கோடு கீழிறங்கும். செங்குத்துக் கோடு மட்டும் எந்த வண்டிக்கும் வாய்க்காது. ஒரே கணத்தில் ஒரு பொருள் பல இடங்களில் இருக்க இயலாதன்றோ!

இக்குழப்பம் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லில்லியன் மெக்டெர்மாட்டும் அவர்தம் உடன் ஆய்வாளரும் 1987-இல் வெளியிட்ட கட்டுரையில், கோட்டின் உயரத்தையும் சாய்வையும் மாணவர் ஒன்றோடொன்று குழப்பிக்கொள்வதை விரிவாக எடுத்துக்காட்டினர். இரு கோடுகள் வெட்டிக்கொள்ளும் புள்ளியில் இரண்டின் வேகமும் ஒன்று என்று பலர் கருதிவிடுகின்றனர். அங்கே ஒன்றாவது இடம், வேகம் அன்று.

இந்த வேறுபாடு தேர்வு மதிப்பெண்ணோடு முடிந்துவிடுவதில்லை. செங்கோட்டை–புனலூர் மலைப்பாதை 1904-இல் பயணிகளுக்குத் திறக்கப்பட்டது. அகலப்பாதையாக மாற்றப்பட்டு 2018-இல் மீண்டும் இயங்கத் தொடங்கியது. அது ஒற்றைப் பாதை. இரயில்வே கட்டுப்பாட்டு அறைகளில் ஒவ்வொரு வண்டியையும் நேரம்–தொலைவு வரைபடத்தில் ஒரு கோடாகக் குறிப்பர். முன்பு கையால் வரைந்ததை இப்போது கணினி வரைகிறது. எதிரெதிரே வரும் இரு வண்டிகளின் கோடுகள் நிலையத்தில் வெட்டிக்கொண்டால் அது கிராசிங். நிலையங்களுக்கு இடையே வெட்டிக்கொண்டால் அது விபத்து. ஒரு புள்ளியைச் சரியாகப் படிப்பதில் எத்தனை உயிர்கள் அடங்கியிருக்கின்றன!

குற்றாலப் பேரருவியும் இப்பாடத்தையே சொல்கிறது. காற்றின் தடையைப் புறக்கணித்தால், விழும் பொருள் முதல் நொடியில் ஏறத்தாழ 5 மீட்டரும், இரண்டு நொடி முடிவில் 20 மீட்டரும், மூன்று நொடி முடிவில் 45 மீட்டரும் கடந்திருக்கும். விழுந்த தொலைவை நேரத்தோடு வரைந்தால், கோடு வளைந்து வரவரச் செங்குத்தாகும். ஆனால் பேரருவி நேரே தரைக்கு வருவதில்லை. இடையிலே பொங்குமாகடல் அதனை ஏந்தி, அதன் வேகத்தை அடக்கி, மறுபடி விழவிடுகிறது. வரைபடத்தில் கோடு அங்கே சற்றே படுத்து மீண்டும் எழும். அந்தச் சிறு படுக்கைதான் நாம் அருவியின்கீழ்த் தலைகொடுத்து நிற்கத் துணைசெய்கிறது.

இயக்கத்தை உருவமாக வரைந்து காணும் இம்முறைக்கு முன்னோடிகளுள் ஒருவர், பிரான்சு நாட்டு லிசியே மறைமாவட்ட ஆயராக இருந்து 1382-இல் இறந்த நிக்கோல் ஒரேம். காலத்தைக் கிடைக்கோடாகவும், அவ்வக்கணத்து வேகத்தை அதன்மேல் நிற்கும் செங்குத்துக் கோடுகளாகவும் அவர் அமைத்துக் காட்டினார்.

அம்மாணவன் தன் கோட்டை அழித்து மீண்டும் வரைந்தான், இயற்பியலையும் விடவில்லை. நமக்கோ அன்றுமுதல் ஓர் எண்ணம் நீங்காதிருக்கிறது. ஒரு பிள்ளை எந்த உயரத்தில் நிற்கிறான் என்பதை மதிப்பெண் பட்டியல் சொல்லிவிடும். உயரத்தில் நிற்கும் கோடு கிடையாகவும் இருக்கலாம். தாழ்வில் தொடங்கிய கோடு செங்குத்தாக ஏறிக்கொண்டும் இருக்கலாம். பெற்றோரும் ஆசிரியரும் நம்மைப் போன்ற மேய்ப்பரும் ஒருவரை அளக்குமுன், புள்ளியை மட்டுமன்றிச் சாய்வையும் பார்ப்பது நலம். அதற்கு ஒரு புள்ளி போதாது. சற்றுக் காலம் உடனிருந்து காண வேண்டும்.