மஞ்சள் காலுறை, நீலக் கோட்டு

லண்டனிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ரயிலில் போய், ‘கிரைஸ்ட்ஸ் ஹாஸ்பிட்டல்’ நிலையத்தில் இறங்கினோம். பெயரைப் பார்த்து மருத்துவமனை என்று நினைத்துவிடாதீர்கள், விடுதிப் பள்ளி. லண்டனின் ஏழைப் பிள்ளைகளுக்காக 1552-இல் தொடங்கி, 1902-இல் இந்தச் சசெக்ஸ் கிராமப்புறத்துக்கு வந்தது. ஹெர்ட்ஃபர்டில் தனியாகப் படித்துவந்த மாணவியர் 1985-இல் வந்து சேர்ந்தார்கள்.

மதியம் பேண்டு வாத்தியம் முழங்க, கணுக்கால் தொடும் நீலக் கோட்டும் மஞ்சள் காலுறையுமாகப் பிள்ளைகள் சாப்பாட்டுக் கூடத்துக்கு அணிவகுத்துப் போனார்கள். என் மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சீருடை எல்லாருக்கும் இலவசம். கட்டணம் பலருக்குக் குடும்ப வருமானத்தைப் பொறுத்தது. யார் வீட்டில் எவ்வளவு என்று கோட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது. அண்ணனின் வெளுத்த சட்டையோடு சபைகூடலில் பின்வரிசை தேடியவன் நான்.

“இங்கே படிக்கிறியாம்மா?” என்று கேட்டேன்.

“ராத்திரி பயமா இருந்தா யாரைக் கூப்பிடுறது, அப்பா?” என்றாள்.

நிலையம் வரும்வரை நான் அவள் கையை விடவில்லை.